பிடுங்கினால் மூன்றே நாள்: மரவள்ளியில் சிறுதொழில் எடுபடுமா?

மரவள்ளிக்கிழங்கைப் பிடுங்கி இரண்டு, மூன்று நாள் போட்டுவைத்தாலே உள்ளே நீலக்கோடு ஓடிவிடும். அதனால்தான் சேலம், நாமக்கல் விவசாயிகள் ஆலை சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியிருக்கிறது. அங்கே மாவுச்சத்து 'பாயிண்ட்' பார்த்துத்தான் காசு.

சரி, ஊரிலேயே பதப்படுத்தினால்? சட்டென ஜவ்வரிசிதான் நினைவுக்கு வரும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வேற கிடைச்சாச்சு. ஆனால் அதற்குத் தண்ணீர் ஏகப்பட்டது வேணும், கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் செலவாகும். சின்ன முதலீட்டுக்கு சிப்ஸ், உலர்மாவுதான் தோது.

மாவுக்குத் தோலுரித்து, கழுவி, மெல்லிசாகச் சீவி, மொறுமொறுவெனக் காயவைத்து அரைக்க வேண்டும். கசப்பு ரகம் என்றால் வெறும் வெயில் போதாது. அதில் சயனைடு உண்டாகும் சேர்மம் அதிகம். துருவி, ஊறவைத்து, பிழிந்தே ஆகணும். இதில் அசட்டை உயிருக்கே ஆபத்து.

மூன்று, நான்கு கிலோ கிழங்குக்கு ஒரு கிலோ மாவுதான் தேறும். விலையை இதை வைத்துப் போடுங்க. 2020-ல் வந்த பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று வங்கியில் கேட்டுக்கோங்க. உணவுப் பாதுகாப்புப் பதிவும் கட்டாயம். மெஷினுக்கு முன்பணம் கட்டும் முன்னாடி, மாவை வாங்க நாலு கடையையாவது பேசி வைத்துவிடுங்க.