பழைய காரின் முகப்பில் ஒரு நம்பர் பிளேட்

கார் ஒன்றின் முன்னால் நம்பர் பிளேட்டைப் பொருத்த இரண்டு திருகாணிகளும் ஒரு திருப்புளியும் போதாவா? புதிய காருக்குப் போதும். ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு, அதுவும் சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊரில் நிற்கும் காருக்கு, சற்று யோசனை வேண்டும்.

நம் செங்கல்பட்டுப் பகுதியிலேயே, வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961 முதல் ஹெரால்டு கார்களைச் செய்தார்கள். அது குடும்பக் கார்தான். எனினும் அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை அமைத்தார்கள். இரண்டிலும் முகப்பு முழுவதும், மட்கார்டுகள் உட்பட, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். தகடு அதற்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது.

காற்றுக்கும் இடைஞ்சல் கூடாது. 500 மி.மீ. நீளமும் 120 மி.மீ. உயரமும் உள்ள தகட்டின் பரப்பு 600 சதுர செ.மீ. ரேடியேட்டரின் வாயில் இதை மாட்டினால் அவ்வளவு காற்று தடைப்படும். பழைய கார்களில் விசிறியும் எஞ்சினோடு சேர்ந்தே சுழலும். நெரிசலில் மெதுவாக ஊரும்போது அதுவும் கைகொடுக்காது. ஆகவே பம்பருக்குக் கீழே தாழ்த்தி மாட்டுவதே நல்லது.

பெரிய பகை உப்புக்காற்றுதான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர்த்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். அதனால் மழை பெய்யாமலே காரின்மேல் உப்புநீர்ப் படலம் படிந்திருக்கிறது.

இன்றைய உயர் பாதுகாப்புத் தகடு 1 மி.மீ. அலுமினியக் கலவையால் ஆனது. காரின் உடலோ இரும்பு. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, இடையே உப்புநீரும் இருந்தால் அது ஒரு மின்கலமே. அலுமினியத்தைப் போர்த்தியுள்ள ஆக்சைடு படலத்தைக் குளோரைடு துளைக்கிறது. திருகாணியைச் சுற்றி வெண்பொடி பூக்கிறது. அழகுக்காகப் பித்தளைத் திருகாணி போடுவோர் உண்டு. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் மின்னழுத்த வேறுபாடு இன்னும் அதிகம், அரிப்பும் அதிகம்.

நைலான் வாஷரும் குழலும் இட்டு உலோகங்களைப் பிரித்துவிட்டால் மின்னோட்டம் நின்றுவிடும். ஆனால் உடலில் புதிதாகத் துளையிட்டிருந்தால், பெயின்ட் போன அதன் விளிம்பு தானாகவே துருப்பிடிக்கும். ஹெரால்டைச் செய்த ஆலை மூடி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முகப்பு துருப்பிடித்தால் மாற்று எங்கே வாங்குவது? துளையே போடாமல், பம்பரைத் தாங்கும் போல்ட்டுகளில் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையை மாட்டி, அதில் தகட்டைப் பொருத்துவதே என் கட்சி.

தகட்டின் பின்புறத்தை மழை கழுவாது. உப்பு அங்கேதான் தங்கும். வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரை அங்கே பீய்ச்சி, காயவிட வேண்டும்.