‘ஃபேர்’ என்னும் சொல்லும் தஞ்சை நெல்லும்

இங்கிலீஷ் பாஷையில் ‘ஃபேர்’ என்று ஒரு சிறு சொல் உண்டு. பள்ளிச் சிறுவனும் அதை அறிவான்; நீதிபதியும் அதைக் கையாள்வார். ஆயினும் அதன் பொருளை ஒரே மூச்சில் சொல்லிவிட இயலாது. காவிரிப் பாசனத்தில் நெல் விளைவித்து உண்ணும் நமக்கு இச்சொல்லோடு என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உறவு உண்டு, அதில் ரத்தமும் தோய்ந்திருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு அழகியது, இனியது என்பதே பொருள். கோதிக் பாஷையில் இதன் உறவுச் சொல் தக்கது, பொருந்தியது என்று பொருள்படும். கண்ணுக்கு இனியதைக் குறித்த சொல் நாளடைவில் வெளுத்த மேனியையும் பொன்னிறக் கூந்தலையும் குறிக்கலாயிற்று. பாரபட்சமற்றது என்ற அர்த்தத்தையும் ஏற்றது. மாணவனின் விடைத்தாளில் ஆசிரியர் ‘ஃபேர்’ என்று எழுதினாலோ ‘சுமார்’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. சந்தையைக் குறிக்கும் ‘ஃபேர்’ லத்தீன் வழி வந்த வேறு சொல்.

வெள்ளையனுக்கு வெண்மையும் அழகும் நீதியும் ஒரே சொல்லில் அடங்கின என்று நகைக்கத் தோன்றும். நம் ‘செம்மை’யைச் சற்றே நோக்குங்கள். செந்நிறம், நேர்மை, அழகு மூன்றும் அதற்குள்ளும் உண்டு. நீதி வழுவா ஆட்சியைச் செங்கோல் என்றோம். பெண் பார்க்கப் போகிறவர்கள் ‘பெண் சிவப்பா?’ என்று கேட்கிறார்கள். 1970-களில் நம் நாட்டுச் சந்தைக்கு வந்த முகக் களிம்பு ஒன்று ‘ஃபேர்’ என்பதைப் பெயரிலேயே தாங்கியிருந்து, 2020-ல்தான் அதைக் கைவிட்டது. இங்கிலீஷ்காரனைப் பழிக்க நமக்கு வாயில்லை.

நிற்க, வயலுக்கு வருவோம். தஞ்சை ஜில்லாவில் நெடுங்காலம் நியாயம் என்பது மிராசுதாரரின் வாயிலேயே பிறந்தது. விளைவில் நாலில் ஒரு பங்கையோ அதனினும் குறைவாகவோ குடிவாரமாகப் பெற்று வீடு திரும்பியவர் பலர். அதுவே மாமூல், ஆகவே அதுவே நியாயம். 1952-ல், ராஜாஜி முதல் மந்திரியாயிருக்கையில் வந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குடிக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்று வரையறுத்தது. 1956-ல் வந்த சட்டம் ‘ஃபேர் ரெண்ட்’, அதாவது நியாய வாரம், என்ற சொல்லையே தலைப்பில் சூடிக்கொண்டது. நன்செய் விளைவில் நிலச் சொந்தக்காரருக்கு நூற்றுக்கு 40 என்றது. முன்னதில் 40 குடிக்கு. பின்னதில் 40 சொந்தக்காரருக்கு. அதே ஆறு, அதே மண், அதே நெல். நான்கே ஆண்டில் நியாயம் தலைகீழாயிற்று! பின்னாளில் அந்த 40-உம் 25 ஆகக் குறைந்தது. சொல் மட்டும் மாறவில்லை.

நிலமற்ற கூலிகளின் கதை இதனினும் கொடிது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட பூசல் முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த ஆதிதிராவிட மக்கள் 44 பேர் எரிக்கப்பட்டு மாண்டனர். பெண்டிரும் குழந்தைகளுமே அவர்களில் பெரும்பாலோர். சர்க்கார் கணபதியா பிள்ளை கமிஷனை நியமித்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. அதன் இங்கிலீஷ்த் தலைப்பிலும் இதே ‘ஃபேர்’தான். குற்றஞ்சாட்டப்பட்ட மிராசுதாரர்களை 1973-ல் சென்னை ஹைகோர்ட் விடுதலை செய்தது. அத்தீர்ப்பை எந்தச் சொல்லால் அழைப்பதென்று வாசகரே தீர்மானிக்கட்டும்.

நியாயக் கூலி என்றால் எவ்வளவு? 1948-ல் மத்திய சர்க்கார் அமைத்த நியாயக் கூலிக் கமிட்டி இக்கேள்விக்கு விடை தேடிற்று. கீழ் எல்லை குறைந்தபட்சக் கூலி. மேல் எல்லை தொழிலின் கொடுக்கும் சக்தி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நியாயக் கூலி என்றது. மனிதன் மானத்தோடு பிழைக்கப் போதுமானது வாழ்வுக் கூலி. அது அதற்கும் அப்பால் நிற்கிறது. விடைத்தாளில் ஆசிரியர் எழுதும் ‘சுமார்’ இங்கே நினைவுக்கு வருகிறது. நம் அரசியல் சாசனத்தின் 43-வது ஷரத்து தொழிலாளிக்கு வேண்டுமென்பது வாழ்வுக் கூலியே. மேற்கண்ட மூன்று சட்டங்களில் எதன் தலைப்பிலும் அச்சொல் ஏறவில்லை.