365 ஜன்னல்கள் கொண்ட ரயில் நிலையம் தெரியுமா?

ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவே பிரனீஸ் மலைத்தொடர். அதில் சோம்போர்ட் கணவாய்க்குக் கீழே, ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், ஸ்பெயினின் சின்னஞ்சிறு ஊரான கான்ஃபிராங்க். அந்த ஊரின் ரயில் நிலையம் 241 மீட்டர் நீளம்! ஜன்னல்கள் 365, கதவுகள் 156!

மலையிடுக்கில் சமதரைக்கு எங்கே போவது? ஆரகான் ஆற்றையே திருப்பிவிட்டார்கள்! பனிச்சரிவு வந்து அமுக்கிவிடாதிருக்க மலைச்சரிவெங்கும் மரம் நட்டார்கள். பிரான்ஸ் பக்கம் போக, மலையைக் குடைந்து ஏறத்தாழ 8 கி.மீ. சுரங்கப்பாதை. 1928 ஜூலை 18 அன்று நடந்த திறப்பு விழாவுக்கு ஸ்பெயின் மன்னர் 13-ஆம் அல்ஃபோன்சோவும் பிரெஞ்சு ஜனாதிபதி காஸ்தோன் தூமெர்க்கும் நேரிலேயே வந்தார்கள்.

நிலையம் இத்தனை பெரிதாக ஏன்? ஸ்பெயினின் அகலப் பாதைக்கும் பிரான்ஸின் பாதைக்கும் சுமார் 23 செ.மீ. வித்தியாசம். எந்த ரயிலும் நேராகப் போக முடியாது! கட்டடத்தின் ஒரு பக்கம் பிரெஞ்சு ரயில், மறுபக்கம் ஸ்பெயின் ரயில். பயணிகள் பெட்டி படுக்கையோடு இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, மறுபக்கம் போய் ஏற வேண்டும். சரக்கையும் வண்டி மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் இந்த வழியாக என்னென்ன போனது தெரியுமா? ஹிட்லரின் ஜெர்மனி அனுப்பிய தங்கம் டன் கணக்கில் தெற்கே போனது! குண்டுகள் செய்ய டங்ஸ்டன் தாது வடக்கே போனது. அதே நிலையத்தில் பிரெஞ்சு சுங்கத் தலைமை அதிகாரி ஆல்பெர் லெ லே, ஜெர்மன் சிப்பாய்களின் கண்ணெதிரிலேயே யூதர்களைத் தப்பவைத்தார், நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்கு ரகசியச் செய்திகளைக் கைமாற்றினார். பிடிபடும் நிலை வந்தபோது, 1943-ல், தானும் தப்பினார். அந்த 365 ஜன்னல்களைவிட இந்த ஒரு மனிதர்தான் எனக்குப் பெரிய அதிசயம்.

1970 மார்ச் 27. பிரான்ஸ் பக்கம் ஏற்றத்தில் மக்காச்சோளம் ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று பின்னோக்கிச் சறுக்கி, தடம்புரண்டு, ஒரு பாலத்தையே உடைத்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பாலத்தை பிரான்ஸ் திரும்பக் கட்டவில்லை! ஒரே பாலம் போய், இரு நாட்டுப் பாதையே நின்றுபோனது.

இன்னொன்று கேளுங்கள்! கைவிடப்பட்ட சுரங்கத்தை ஒட்டி இன்று இயற்பியல் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. தலைக்கு மேல் 800 மீட்டர் பாறை! விண்வெளியிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை அது பெருமளவு தடுத்துவிடுவதால், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைத் (dark matter) தேட அருமையான இடம். பழைய நிலையமோ 2023-ல் சொகுசு ஹோட்டலாகிவிட்டது.

பக்கத்திலேயே கட்டிய புதிய நிலையத்துக்கு ஸரகோஸாவிலிருந்து இன்றும் ரயில் வருகிறது. பிரான்ஸ் பக்கத்தில் 2016-ல் பெதூஸ் வரை ரயில் திரும்பிவிட்டது. நடுவில் மிச்சம் 30 கி.மீ. சொச்சம்தான்!