குழாய் ரிப்பேர் பார்த்த கால்பந்து நாயகன்! ஒரே கிளப்பில் காலத்தை ஓட்டிய பிரஸ்டன் வீரர்கள்

இங்கிலாந்து அணிக்காக 76 ஆட்டம் ஆடியவர். 30 கோல் போட்டவர். நாட்டின் சிறந்த கால்பந்து வீரர் விருதை 2 முறை வாங்கியவர். ஆனால் ஊரில் குழாய் உடைந்தால், ரிப்பேர் பார்க்க டூல்ஸ் பையோடு வந்து நின்றவரும் அவர்தான்!

பெயர் டாம் பின்னி. ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் 'பிரஸ்டன் பிளம்பர்'.

14 சீசன் ஆடினார். அத்தனையும் ஒரே கிளப்புக்கு. 'இதுதான்யா விசுவாசம்' என்று இன்றைக்கும் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த விசுவாசத்துக்குப் பின்னால் ஒரு பூட்டும் இருந்தது. சாவி கிளப் முதலாளிகள் கையில் இருந்தது.

பஞ்சாலை ஊர்

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் பகுதியில் உள்ள ஊர் பிரஸ்டன். ஒரு காலத்தில் பஞ்சாலைகள் நிறைந்த தொழிலாளர் ஊர். பிரஸ்டன் நார்த் எண்ட் இந்த ஊர் கிளப். டீப்டேல் இவர்களது மைதானம்.

சின்ன ஊர்தானே என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் லீக் போட்டி தொடங்கிய முதல் சீசனிலேயே (1888-89) சாம்பியன் ஆன அணி இது. 22 ஆட்டத்தில் 18 வெற்றி, 4 டிரா. ஒன்றில்கூட தோற்கவில்லை. அதே சீசனில் எப்.ஏ. கோப்பையையும் தூக்கியது. அதுவும் ஒரு கோல்கூட வாங்காமல்!

சுரங்கத்தில் இருந்து வந்தவர்

1933-ல் 500 பவுண்டு கொடுத்து ஒரு 19 வயது பையனை பிரஸ்டன் வாங்கியது. பெயர் பில் ஷாங்க்லி. ஸ்காட்லாந்தின் கிளென்பக் என்ற சுரங்க கிராமத்துக்காரர். நிலக்கரி சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

1938-ல் பிரஸ்டன் எப்.ஏ. கோப்பையை வென்றபோது ஷாங்க்லியும் அணியில் இருந்தார். ஹடர்ஸ்பீல்டு அணியுடன் நடந்த அந்த இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை ஜார்ஜ் மட்ச் கோல் ஆக்க, 1-0 என்று முடிந்தது.

1949 வரை 16 ஆண்டு ஷாங்க்லிக்கு பிரஸ்டன்தான் வீடு. பிற்பாடு லிவர்பூல் அணியின் மானேஜராகி உலகப் புகழ் பெற்றார். எவ்வளவோ பெரிய வீரர்களை பார்த்த பிறகும், பின்னிக்கு நிகர் யாரும் இல்லை என்றே சொல்லி வந்தார். ஓவர்கோட் மாட்டிக்கொண்டு ஆடினாலும் பின்னிதான் ஜெயிப்பார் என்பது ஷாங்க்லியின் வாதம்.

முதலில் தொழில்... அப்புறம் பந்து

பின்னி 1922-ல் பிறந்தார். டீப்டேல் மைதானத்துக்கு பக்கத்து தெரு. 14 வயதில் ஆள் ரொம்ப குள்ளம், ஒல்லி. உயரம் 4 அடி 9 அங்குலம்தான். 'இந்தப் பையன் எங்கே பந்து ஆடப் போகிறான்' என்று நினைக்கும்படிதான் இருந்தார்.

ஆனாலும் காலில் வித்தை இருந்தது. பிரஸ்டன் கிளப் கூப்பிட்டது. அப்பா குறுக்கே நின்றார். பிளம்பர் வேலையை முழுசாக கற்றுக்கொண்டு, அதை முடித்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று சொல்லிவிட்டார். பந்தை நம்பி எத்தனை நாள் பிழைக்க முடியும் என்ற கவலை அந்த அப்பாவுக்கு. பையன் வேலை பழகிக்கொண்டே ஆடினான்.

அவர் 1940-ல் தொழில்முறை வீரராக கையெழுத்துப் போட்ட நேரத்தில் 2-ம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. வழக்கமான லீக் போட்டிகள் நின்று போயின. போர்க்கால கோப்பை நடந்தது. 1941-ல் அர்செனலை வீழ்த்தி பிரஸ்டன் அதை வென்றபோது பின்னிக்கு 19 வயது. அடுத்த ஆண்டே ராணுவத்துக்கு போய்விட்டார். எகிப்து, இத்தாலி என்று சுற்றினார். டேங்க் ஓட்டினார்.

இதனால் முதல் லீக் ஆட்டத்தில் அவர் கால் வைத்தது 1946 ஆகஸ்டில்தான். அப்போது வயது 24. அடுத்த மாதமே இங்கிலாந்து அணியிலும் இடம் பிடித்தார்!

சம்பளத்துக்கு பூட்டு

இனிதான் முக்கியமான விஷயம்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கால்பந்து வீரர்களுக்கு சம்பள உச்சவரம்பு இருந்தது. 1901-ல் வாரம் 4 பவுண்டு என்று ஆரம்பித்தது. 1947-ல் 12 பவுண்டு. 1951-ல் 14 பவுண்டு. 1958-ல் 20 பவுண்டு. இதற்கு மேல் ஒரு காசு கொடுத்தாலும் குற்றம். ஆட்டம் இல்லாத கோடை மாதங்களில் இதையும் குறைத்துதான் கொடுத்தார்கள். ஜெயித்தால் 2 பவுண்டு, டிரா செய்தால் 1 பவுண்டு போனஸ்.

பின்னியை பார்க்க மைதானம் நிரம்பி வழியும். டிக்கெட் காசு கிளப்புக்கு போகும். பின்னிக்கு அதே 14 பவுண்டுதான்!

ஆகவே அவர் பிளம்பர் வேலையை விடவே இல்லை. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து சொந்தமாக பிளம்பிங் கம்பெனி நடத்தினார்கள். சனிக்கிழமை காலையில் குழாய் வேலை, மதியம் ஆட்டம் என்று ஓடிய நாட்களும் உண்டு. அப்பா அன்று பிடித்த பிடிவாதம் வீண் போகவில்லை.

இத்தாலியில் இருந்து வந்த ஆபர்

1952 மே மாதம். இங்கிலாந்து அணி ஆட்டத்துக்காக இத்தாலி போயிருந்தது. அங்கே பலெர்மோ கிளப்பின் தலைவர், ஓர் இளவரசர், பின்னியை பிடித்துக்கொண்டார்.

கையெழுத்து போட்டால் உடனே 10 ஆயிரம் பவுண்டு. மாதம் 130 பவுண்டு சம்பளம். ஜெயித்தால் தனி போனஸ். தங்குவதற்கு பங்களா. சுற்றுவதற்கு கார். 2 வருஷ ஒப்பந்தம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். வாரம் 14 பவுண்டு வாங்குபவர், ஒரு பைசா செலவு செய்யாமல் சேர்த்தாலும் 10 ஆயிரம் பவுண்டு சேர 13 ஆண்டுக்கு மேல் ஆகும்!

ஊருக்கு திரும்பியதும் பின்னி கிளப் தலைவரிடம் விஷயத்தை சொன்னார். பதில் பட்டென்று வந்தது. ஆடினால் பிரஸ்டனுக்கு ஆடு, இல்லாவிட்டால் எங்கேயும் ஆட முடியாது. அதோடு கதை முடிந்தது.

அது எப்படி முடியும் என்று கேட்கலாம். முடியும். சட்டம் அப்படி. வீரரின் பதிவு கிளப் வசம் இருக்கும். ஒப்பந்த காலம் முடிந்தாலும் அந்தப் பதிவை கிளப் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பதிவு இல்லாமல் வேறு கிளப்பில் ஆட முடியாது. சம்பளம் கொடுக்காமலேயே ஒருவரை இப்படி முடக்கி வைக்கவும் வழி இருந்தது. ஒரு மில்லில் வேலைக்கு சேர்ந்தவர், அந்த முதலாளி கையெழுத்து போட்டால்தான் வேறு மில்லுக்கு போகலாம் என்றால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான்.

பின்னி சண்டை போடவில்லை. மறுபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு டீப்டேலுக்கு போனார். அவர் ஊர்ப்பாசம் உண்மையானது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் போகலாமா வேண்டாமா என்று முடிவு எடுக்கும் உரிமை அவரிடம் இருக்கவில்லை என்பதும் உண்மை.

மயிரிழையில் போன பட்டம்

அதற்கு அடுத்த சீசனில் பிரஸ்டனுக்கு லீக் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. 1953-ல் அர்செனலும் பிரஸ்டனும் ஆளுக்கு 54 புள்ளி. போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்து சராசரி பார்க்கும் முறை அப்போது இருந்தது. அர்செனல் 97 போட்டு 64 வாங்கியிருந்தது. பிரஸ்டன் 85 போட்டு 60 வாங்கியிருந்தது. வித்தியாசம் வெறும் 0.1. பட்டம் அர்செனலுக்கு!

1954 எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் 3-2 என தோல்வி. 1958-ல் லீக்கில் மறுபடி 2-ம் இடம். லீக் பட்டமோ எப்.ஏ. கோப்பையோ பின்னி கையில் கடைசி வரை தங்கவில்லை. பலெர்மோவும் போச்சு, பட்டமும் போச்சு.

1960 ஏப்ரல் 30-ந்தேதி டீப்டேலில் கடைசி ஆட்டம். லீக்கில் மொத்தம் 433 ஆட்டம், 187 கோல். அடுத்த சீசனிலேயே பிரஸ்டன் 2-வது டிவிஷனுக்கு இறங்கியது. 60 ஆண்டுக்கு மேல் ஆகியும் மேல் டிவிஷனுக்கு திரும்ப முடியவில்லை.

9 மாதம் தாமதம்

இதில் கொடுமை என்னவென்றால், பின்னி விலகி 9 மாதம்கூட ஆகவில்லை. 1961 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டியதும் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். புல்ஹாம் வீரர் ஜானி ஹேன்ஸ் உடனே வாரம் 100 பவுண்டு வாங்க ஆரம்பித்தார். பின்னி பார்த்த உச்ச சம்பளத்தைப் போல 5 மடங்கு!

1963-ல் இன்னொரு அடி. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் நியூகாசில் கிளப் மீது தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவரை பிடித்து வைப்பது நியாயம் இல்லை என்று ஐகோர்ட்டு தீர்ப்பு கூறியது. 1995-ல் ஐரோப்பிய கோர்ட்டின் போஸ்மன் தீர்ப்பு வந்த பிறகுதான், ஒப்பந்தம் முடிந்தால் காசு கட்டாமலே வேறு கிளப்புக்கு போகலாம் என்ற நிலை வந்தது.

தானாக தங்கிய கீப்பர்

பூட்டு கழன்ற பிறகும் ஒருவர் நகரவில்லை. அவர் அயர்லாந்து கோல் கீப்பர் ஆலன் கெல்லி. 1958-ல் டப்ளினில் இருந்து பிரஸ்டன் வந்தார். 1961-ல் முதல் அணியில் நுழைந்தார். 1973-ல் தோள்பட்டை காயம் ஆட்டத்தை நிறுத்தும் வரை அங்கேயே இருந்தார். லீக் ஆட்டங்கள் 447. பின்னியையும் தாண்டிய கிளப் சாதனை இது.

1964-ல் பிரஸ்டன் மீண்டும் எப்.ஏ. கோப்பை இறுதிக்கு வந்தபோது கோல் வாசலில் கெல்லிதான். வெஸ்ட் ஹாம் கடைசி நேரத்தில் கோல் போட்டு ஜெயித்தது. இந்த முறையும் அதே 3-2! 1970-ல் அணி 3-வது டிவிஷனுக்கு விழுந்தது. அப்போதும் கெல்லி ஓடவில்லை. அடுத்த ஆண்டே சாம்பியனாகி மேலே வந்தார்கள். அவர் மகன் இன்னொரு ஆலன் கெல்லியும் பிற்பாடு பிரஸ்டனுக்கும் அயர்லாந்துக்கும் கீப்பராக நின்றார்.

குளத்துக்குள் ஒரு சிலை

இன்று டீப்டேல் ஸ்டேடியத்தின் ஒரு பக்கத்துக்கு பின்னி பெயர். ஒரு பக்கத்துக்கு கெல்லி பெயர். இன்னொன்றுக்கு ஷாங்க்லி பெயர்.

வாசலில் பின்னி சிலை இருக்கிறது. 1956-ல் செல்சி மைதானத்தில் மழை வெள்ளத்துக்கு நடுவே, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு அவர் பந்தை துரத்திய போட்டோவை வைத்து செய்த சிலை அது. நிஜ தண்ணீரே பீய்ச்சி அடிக்கும். 2004-ல் திறந்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு பின்னி எங்கேயும் போகவில்லை. பிளம்பிங் கம்பெனியை பார்த்துக்கொண்டார். நடுவில் ஒரே ஒரு தமாஷ்! 1963-ல், 41 வயதில், வட அயர்லாந்தின் டிஸ்டில்லரி அணிக்காக ஒரு ஐரோப்பிய கோப்பை ஆட்டத்தில் இறங்கினார். எதிரே போர்ச்சுகலின் பலம் வாய்ந்த பென்பிகா. ஆட்டம் 3-3 டிரா!

1998-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. பிரஸ்டன் கிளப்பின் கவுரவ தலைவராக இருந்தார். 2014 பிப்ரவரி 14-ந்தேதி, 91-வது வயதில் காலமானார். மறுநாள் டீப்டேலில் பிரஸ்டனுக்கு ஆட்டம் இருந்தது. ரசிகர்கள் சிலை அருகே மலர் வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.