சர்வருக்கு உங்கள் முகம் தெரியாது

2018 செப்டம்பர் இறுதியில் உலகெங்கும் சுமார் 9 கோடிப் பேரின் ஃபேஸ்புக் கணக்குகள் தாமாகவே லாக்-அவுட் ஆயின. திரும்ப உள்ளே போக பாஸ்வேர்டு கேட்டது. ஆனால் பாஸ்வேர்டை மாற்றத் தேவையில்லை என்று நிறுவனமே சொன்னது. திருடு போனது பாஸ்வேர்டே அல்ல. ‘வியூ ஆஸ்’ என்ற வசதியில் இருந்த ஓட்டை வழியாக டோக்கன்களை அள்ளியிருந்தார்கள். பிறகு கணக்கெடுத்ததில் சுமார் 3 கோடிப் பேரின் டோக்கன்கள் போயிருந்தன. பாஸ்வேர்டு தெரியாமலே கணக்குக்குள் நுழைய முடியும் என்றால், உள்ளே இருப்பது நாம்தான் என்று சர்வர் எதை வைத்து நம்புகிறது?

சர்வருக்கு நம்மைத் தெரியவே தெரியாது. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கியபோது, ஆய்வாளர்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதே நோக்கம். கேட்ட பக்கத்தைக் கொடு, இணைப்பைத் துண்டி, அடுத்த ஆளைப் பார். எச்டிடிபி என்ற நெறிமுறை தொடக்கத்தில் அவ்வளவுதான். ஒரு நொடி முன்பு வந்தவரே மறுபடி வந்தாலும் புது ஆள்தான். இந்த மறதியைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். எதையும் நினைவில் சுமக்காததால்தான் ஒரு சர்வரால் அத்தனை பேருக்குப் பதில் சொல்ல முடிகிறது. ஆனால் ஆவணம் படிக்கப் போதுமான இந்த ஏற்பாடு, கடை நடத்தப் போதவில்லை.

1994-இல் எம்சிஐ என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் இணையக் கடைக்காக நெட்ஸ்கேப்பை நாடியது. பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் நிற்பவர்களின் கணக்கையெல்லாம் தன் சர்வரில் வைத்திருக்க அதற்கு விருப்பமில்லை. வாடிக்கையாளரின் கணினியே வைத்திருக்கட்டும் என்றார் நெட்ஸ்கேப் பொறியாளர் லூ மான்டுல்லி. சர்வர் ஒரு சிறு குறிப்பை அனுப்பும்; அதே தளத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். யுனிக்ஸ்காரர்கள் ‘மேஜிக் குக்கி’ என்று ஒன்றைச் சொல்வார்கள்; அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பிரவுசருக்கு ஒரே நிரந்தர எண்ணைக் கொடுத்துவிடும் யோசனையும் இருந்தது. போகுமிடமெல்லாம் ஆளைப் பின்தொடர அது வழிவிடும் என்று மான்டுல்லி ஒதுக்கினார். பிற்பாடு விளம்பர நிறுவனங்கள் அதே குக்கியை வைத்தே நம்மைப் பின்தொடர்ந்தது தனிக்கதை.

இன்று பல தளங்களில் ஏற்பாடு தலைகீழ். கூடை, பெயர், லாகின் விவரம் எல்லாம் சர்வர் பக்கத்தில்; குக்கியில் இருப்பது செஷன் ஐடி என்ற எண் மட்டுமே. கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கன் மாதிரி. முகம் பார்ப்பதில்லை, டோக்கனை நீட்டியவருக்குச் செருப்பு. ஒரு வித்தியாசம் உண்டு: 41-ஆம் டோக்கனை அடுத்து 42 என்று இங்கே வரிசையாகக் கொடுத்தால் பக்கத்து எண்ணை யாரும் ஊகித்துவிடுவார்கள். அதனால் 128 பிட் அளவில் தற்போக்காக ஓர் எண்ணை உருவாக்குகிறார்கள். வழக்கமான தசம எண்ணாக எழுதினால் அது 39 இலக்கம் வரை நீளும்.

டோக்கனுக்கு ஆயுளும் உண்டு. பிஎச்பி மொழியில் எதையும் மாற்றாமல் விட்டால், 1440 நொடிகள், அதாவது 24 நிமிடங்கள் தொடப்படாத செஷன் அழிக்கப்படலாம். டிக்கெட் பதிவில் பயணிகளின் பெயர்களை எல்லாம் அடித்து முடித்ததும் ‘செஷன் எக்ஸ்பயர்டு’ என்று வந்து எரிச்சலூட்டுவது இந்த வகைக் கெடுதான். பெரிய தளங்களில் இன்னொரு சிக்கல். முதல் கிளிக் ஒரு சர்வருக்கும் அடுத்த கிளிக் வேறொன்றுக்கும் போகும். இரண்டாவதற்கு நம் டோக்கன் எண் தெரியாது. ஆகவே ரெடிஸ் போன்ற பொதுக் கிடங்கில் செஷன்களை வைத்து, எல்லா சர்வரும் அங்கே பார்த்துக்கொள்கின்றன.

இதில் எது உடைந்தாலும் சரிசெய்துவிடலாம். டோக்கன் கைமாறுவதுதான் பெரிய ஆபத்து. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் ‘ஃபயர்ஷீப்’ என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியை வெளியிட்டார். அன்று பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் மறைகுறியாக்கின. அதன் பிறகு குக்கி வெட்டவெளிச்சமாகப் பயணித்தது. பூட்டில்லாத வைஃபை உள்ள காபிக் கடையில் ஃபயர்ஷீப்பைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரரின் பெயர் பட்டியலில் வரும்; கிளிக் செய்தால் அவர் கணக்கு. தளங்கள் முழுவதையும் மறைகுறியாக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றச் சோம்பியிருந்த நிறுவனங்களை உலுக்கியது இந்தக் குறும்புதான் என்பது என் எண்ணம்.

இப்போது திருடர்கள் காற்றை விட்டுக் கணினிக்குள் புகுகிறார்கள். பிரவுசர் சேமித்த குக்கிகளை மால்வேர் நகலெடுக்கிறது. ஓடிபி இங்கே காப்பாற்றாது; அது கேட்கப்பட்டது லாகின் நேரத்தில், திருடியதோ அதற்குப் பிறகு கிடைத்த டோக்கனை. டேபை மூடினாலும் சர்வரில் செஷன் உயிரோடுதான் இருக்கும்; லாக்-அவுட் அழுத்தினால், ஒழுங்காக எழுதப்பட்ட தளம் அந்த எண்ணையே ரத்து செய்யும். திருடன் கையில் இருக்கும் நகலும் அத்தோடு செல்லாது.

டோக்கனை ஒரே கருவியோடு கட்டிப்போடும் முறையை கூகுள் 2024-இல் முன்வைத்தது. கணினியின் பாதுகாப்புச் சில்லுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கும்; குறுகிய ஆயுளுள்ள குக்கியைப் புதுப்பிக்க, அந்தச் சாவி தன்னிடம் இருப்பதை பிரவுசர் ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும். குக்கியை நகலெடுத்துக்கொண்டு போகிறவர் சாவியைக் கொண்டுபோக முடியாது.