கேட்காமலே கைமாறிய ஜெனோவா

இத்தாலியின் வடமேற்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும் துறைமுக நகரம் ஜெனோவா. பல நூற்றாண்டுகள் அது குடியரசாகவே வாழ்ந்தது. 1528-க்குப் பிறகு ‘டோஜ்’ எனப்பட்ட தலைவரின் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் பிரபுக் குடும்பங்களை விட்டு நகரவில்லை. 1407-இல் தோன்றிய புனித ஜார்ஜ் வங்கியோ அரசுக்கே கடன் கொடுத்தது. கோர்சிகா தீவைக்கூட நெடுங்காலம் நிர்வகித்தது.

1797-இல் நெப்போலியனின் நெருக்குதலில் பழைய குடியரசு சரிந்தது. 1805-இல் நகரம் பிரெஞ்சுப் பேரரசுக்குள் போயிற்று.

நெப்போலியன் வீழ்ந்த 1814-இல், அங்கே படையோடு வந்த ஆங்கிலேயத் தளபதி வில்லியம் பென்டிங்க் குடியரசை மீட்டுத் தருவதாக அறிவித்தார். 1806 வேலூர்ப் புரட்சியின்போது சென்னை ஆளுநராக இருந்தவர் இவரேதான். மக்கள் நம்பினார்கள். ஆனால் வியன்னா மாநாட்டில் கூடிய வல்லரசுகளுக்கு, பிரான்சைத் தடுக்க எல்லையில் வலுவான ஓர் அரசு தேவைப்பட்டது. அதற்காகவே 1815-இல் ஜெனோவா, அந்த எல்லையில் ஆண்ட சார்டினிய மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊராரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை.

1849-இல் நகரம் சார்டினிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது. சார்டினிய ஜெனரல் லா மார்மோரா பீரங்கிகளால் அதை அடக்கினார். இத்தாலி முழுவதும் குடியரசாக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் போராடிய மாட்சினி, 1805-இல் இதே ஜெனோவாவில் பிறந்தவர்.