அங்கே தூவும் மணல், இங்கே கூட்ட வேண்டிய மணல்

சக்கரமும் சாலையும் – 9

பனி விழும் நாடுகளில் சாலைக்கு உப்பு போடுவது டயருக்குப் பிடிப்புக் கொடுக்கத்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உப்புக்கு டயரிடம் வேலையே இல்லை. அதன் வேலை தண்ணீரிடம். நல்ல தண்ணீர் 0 டிகிரியில் உறையும். உப்பு கரைந்த தண்ணீர் உறைய அதைவிடக் கடும் குளிர் வேண்டும். அதனால் தாரோடு ஒட்டிய பனிக்கட்டி இளகி விடுகிறது, டயர் மறுபடி தாரைத் தொடுகிறது. டொரன்டோவின் ஸ்கார்பரோவில் கார் ஓட்டும் நம்மவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போனால் உப்பு மந்தமாகிவிடும். அப்போது மணலைத் தூவுவார்கள். முனையுள்ள மணல் பனிக்கட்டியில் குத்தி நின்று சொரசொரப்புத் தரும்.

அதே மணல்தான் சென்னை அம்பத்தூரில் ஆளைக் கவிழ்க்கிறது. தார்ச்சாலையில் பிடிப்பு வருவது ஜல்லியின் மேடுபள்ளத்தில் ரப்பர் அழுந்துவதால். இடையில் மணல் வந்தால் ரப்பர் ஜல்லியைத் தொடாது. சிமென்ட் தரையில் சிந்திய கேழ்வரகை மிதித்த கதைதான். சி.டி.எச். ரோட்டிலோ பூந்தமல்லி பக்கமோ சென்டர் மீடியன் ஓரத்தைப் பாருங்கள். லாரியிலிருந்து சிந்திய எம்-சாண்டும், தோண்டி மூடிய பள்ளத்து மண்ணும் வரிவரியாகக் கிடக்கும். யு-டர்ன் எடுக்க பைக்கைச் சாய்த்து, அந்த மண் மேல் முன்பிரேக்கைப் பிடித்தால் கீழே விழ ஒரு நொடி போதும்.

அடுத்த ஆபத்து முதல் மழை. மாதக்கணக்கில் சொட்டிய ஆயிலும் டயர் தேய்ந்த தூளும் புழுதியும் தூறலில் குழைந்து சாலையில் மெழுகிவிடும். கனமழை அடித்துக் கழுவினால் அந்த வழுக்கல் குறையும். ஆகவே தூறல் தொடங்கிய நேரம்தான் மோசமானது. பிறகு தண்ணீர் தேங்கினால் காப்பாற்ற வேண்டியது டயரின் பட்டன். அதிலுள்ள காடி வழியாகத் தண்ணீர் வெளியேறாவிட்டால், வேகத்தில் டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும். ஸ்டீயரிங் திருப்பினாலும் கார் திரும்பாது. காற்று குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதந்துவிடும்.

காடியின் ஆழம் காருக்கு 1.6 மில்லிமீட்டர், பைக்குக்கு 0.8 மில்லிமீட்டர் இருந்தே ஆக வேண்டும் என்கின்றன மோட்டார் வாகன விதிகள். காடிக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் அது மொட்டை டயர். டன்லப் என்று டயர் கம்பெனியின் பெயரிலேயே பஸ் ஸ்டாப் உள்ள அம்பத்தூரில்கூட மொட்டை டயரோடு ஓடும் ஷேர் ஆட்டோக்களைப் பார்க்கலாம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருமுன் மீடியன் ஓர மண்ணைக் கூட்டி அள்ளுவது மாநகராட்சிகளின், நெடுஞ்சாலைத் துறையின் கடமை. காற்றையும் பட்டனையும் பார்ப்பது நம் கடமை. தூறல் விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள். மண் கிடக்கும் திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கும் முன்பே பிரேக்கைப் பிடித்து முடித்துவிடுங்கள்.

(தொடரும்)